கேம் பத்திரிகைகள் ஏன் நின்னுச்சு? பரண்ல இருக்கிற பழைய இதழ்களை என்ன செய்யலாம்?

அடுத்த கேள்வி பாறசாலையில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. "அண்ணா, 2003-ல இருந்து 2009 வரைக்கும் தம்பானூர்லயும் நாகர்கோவில்லயும் வாங்கின டிஜிட் கம்ப்யூட்டர் இதழ், ஸ்கோர் கேம் இதழ் ஒரு நாப்பது எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. கேம் பத்திரிகை எல்லாம் எதனால நின்னுச்சு? மறுபடி வருமா? எடைக்குப் போட்டுடலாமான்னு வீட்ல கேக்கிறாங்க"ன்னு எழுதியிருக்காரு.

எடைக்குப் போடாதீங்க தம்பி. அதை முதல்லயே சொல்லிடறேன்.

இன்டர்நெட் வந்துச்சு, பத்திரிகை போச்சுன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. அது சரியில்ல. ஒரு பத்திரிகையை நாம வாங்கினதுக்குக் காரணம் பல இருந்துச்சு, அது ஒவ்வொண்ணா கழண்டு போச்சு. நம்ம பக்கத்துல முதல்ல போனது அட்டையோட வந்த டிஸ்க்தான். கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு சிடி 700 எம்பி. டெலிஃபோன் லைன்ல வந்த டயல்-அப் இன்டர்நெட் 56 கேபிபிஎஸ் முழுசா கிடைச்சாலே அதை இறக்க 28 மணி நேரம் ஆகும், டெலிஃபோன் பில் தனி. அதனால டெமோ (கேமோட மாதிரி), பேட்ச் (கேம்ல தப்பைச் சரிபண்ற ஃபைல்), டிரைவர் (கார்டை வேலை செய்ய வைக்கிற சாஃப்ட்வேர்) எல்லாத்துக்கும் பத்திரிகையை விட்டா வேற வழி கிடையாது. 2005-ல பிஎஸ்என்எல்லோட டேட்டாஒன் பிராட்பேண்ட் 256 கேபிபிஎஸ்ல வந்துச்சு. சில பிளான்ல ராத்திரி 2 மணியில இருந்து காலைல 8 மணி வரைக்கும் டவுன்லோடு கணக்குல சேராது. அந்த ஆறு மணி நேரத்துல வர்றது கிட்டத்தட்ட 690 எம்பி, அதாவது ஒரு ராத்திரிக்கு ஒரு சிடி. 2007-ல வேகம் 2 எம்பிபிஎஸ் வரைக்கும் போனதும் அதே ஆறு மணி நேரத்துல 5 ஜிபிக்கு மேல வந்துச்சு. சாதாரண டிவிடியே 4.7 ஜிபிதான். அதுக்கப்புறம் டிஸ்க்குக்காக யாரு மாசம் பூரா காத்திருப்பாங்க?

கேம்ல குறுக்கு வழி காட்டுற சீட் கோடு, எப்படி விளையாடி முடிக்கிறதுன்னு சொல்ற வாக்த்ரூ எல்லாம் அதுக்கும் முன்னாடியே போயிடுச்சு. அதையெல்லாம் சும்மா குடுக்கிற கேம்ஃபேக்ஸ் வெப்சைட் 1995-லயே வந்தாச்சு.

செய்தியோட கதை வேற. மாத இதழுக்கு எழுதி, லேஅவுட் போட்டு, அச்சடிச்சு, லாரி ஏத்தி கடைக்கு வர ரெண்டு மாசம் வரைக்கும் பிடிக்கும். கேம் கம்பெனிங்க விமர்சனக் காப்பியை முன்கூட்டியே குடுத்துட்டு இருந்த வரைக்கும் அந்த இடைவெளி தெரியல. 2011-ல ஜப்பான் கேம் கம்பெனி நின்டெண்டோ, நின்டெண்டோ டைரக்ட்னு நேரா வீடியோ போட ஆரம்பிச்சது. அறிவிப்பை ஜனங்களுக்குத் தாங்களே சொல்லிக்க முடியும்னா, ரெண்டு மாசம் ரகசியம் காக்கிற பத்திரிகை அவங்களுக்கு எதுக்கு?

ஆனா கடைசி அடி விளம்பரத்துல விழுந்துச்சு. கடைல விக்கிற விலை அச்சுக்கும் ஏஜென்ட் கமிஷனுக்குமே பத்தாது, விக்காத பிரதி வேற திரும்பி வரும். அந்த நஷ்டத்தை விளம்பரம்தான் தாங்கிட்டு இருந்துச்சு. அது வெப்சைட்டுக்கும் யூடியூபுக்கும் போனதும் வரிசையா சாஞ்சுது. அமெரிக்காவுல கேம்ப்ரோ 2011, 1988-ல ஆரம்பிச்ச நின்டெண்டோ பவர் 2012 டிசம்பர், பிரிட்டன்ல இருந்து வந்த அஃபீஷியல் எக்ஸ்பாக்ஸ் மேகசின் 2020. கேம் இன்ஃபார்மர் பல லட்சம் பிரதி போனதே கேம்ஸ்டாப் கடையோட மெம்பர்ஷிப் கார்டு கூட சேர்த்துக் குடுத்ததாலதான். 2024 ஆகஸ்ட்ல அந்த கம்பெனி பத்திரிகையை மூடினப்போ வெப்சைட்டையும் சேர்த்தே எடுத்துட்டாங்க. எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் ஒரு விடைபெறும் பக்கம்தான் வந்துச்சு. 2025-ல வேற கம்பெனி வாங்கி மறுபடி கொண்டுவந்தது வேற விஷயம். நடுவுல அந்தக் கட்டுரைங்க பத்திரமா இருந்த ஒரு இடம், பழைய இதழை எடுத்து வெச்சிருந்தவங்க வீடு.

திரும்ப வருமான்னா, பழைய அளவுக்கு வராது. ஜப்பான்ல ஃபாமிட்சு 1986-ல இருந்து வருது, பிரிட்டன்ல எட்ஜ் 1993-ல இருந்து வருது. புதுசா வர்றதுல பலதும் முன்பணம் வாங்கி, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் அடிக்கிறாங்க. திரும்பி வர்ற கட்டு இல்லாததால அது தாங்குது.

இப்ப உங்க நாப்பது இதழுக்கு வருவோம். முதல் வேலை டிஸ்க். பத்திரிகை டிஸ்க் ஃபேக்டரியில அச்சு வார்த்தது, நாம ரைட் பண்ற சிடி-ஆர் மாதிரி சீக்கிரம் போகாது. ஆனா ஒரு விஷயம்: சிடில டேட்டா இருக்கிறது பளபளப்பு பக்கத்துல இல்ல, படம் போட்ட பக்கத்துக்கு நேர் அடியில. மேல மெல்லிசா ஒரு வார்னிஷ், அவ்வளவுதான். அங்க ஒட்டியிருக்கிற பசையையோ ஸ்டிக்கரையோ உரிச்சா அலுமினியமும் கூடவே வந்துடும். டிஸ்க்கை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஊசிமுனை மாதிரி ஓட்டை தெரிஞ்சா அந்த இடம் போச்சு. டிவிடில டேட்டா ரெண்டு 0.6 மி.மீ. தகட்டுக்கு நடுவுல இருக்கு, அதனால கொஞ்சம் பரவாயில்ல. துடைக்கிறப்போ நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா துடைங்க. டேட்டா வட்டமா ஓடுது, வட்டமா விழுற கீறல் ஒரே ஓட்டத்துல நிறைய தின்னுடும்.

இம்ஜ்பர்ன்னு ஒரு விண்டோஸ் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ரீட் போட்டு ஐஎஸ்ஓவா, அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா எடுங்க. பாட்டும் சேர்ந்த சிடின்னா ஐஎஸ்ஓ பத்தாது, பின்-க்யூன்னு ஜோடி ஃபைலா எடுக்கணும். படிக்கத் திணறினா வேகத்தைக் குறைங்க, அப்பவும் வரலன்னா லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு கெட்ட டிஸ்க்ல இருந்து மீட்கிற சாஃப்ட்வேர். ரெண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்ல வைங்க.

காகிதத்துக்கு உங்க ஊரு ரெண்டு மழையும்தான் எதிரி. வழவழ ஆர்ட் பேப்பர் நனைஞ்சு மூடியபடி காஞ்சா பக்கங்கள் ஒட்டி ஒரே பலகையா ஆயிடும். ஒட்டினதை இழுக்காதீங்க, மை கிழிஞ்சு அடுத்த பக்கத்துல உக்காந்துக்கும். ஈரமா இருக்கறப்பவே பக்கத்துக்கு நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு ஃபேன்ல காய வைங்க, வெயில்ல வேண்டாம். ரெண்டு நாளுக்குள்ள காய வைக்க முடியாதுன்னா கவர்ல கட்டி ஃப்ரீசர்ல போட்டுடுங்க, அப்புறம் ஒவ்வொண்ணா பாத்துக்கலாம். சேமிக்கிற கவர் பாலிப்ரோப்பிலீன் இருக்கட்டும், பிவிசி கவர் நாளாக ஆக மையை இழுத்து ஒட்டிக்கும். பரண்ல இருந்து இறக்கி, வெளிச்சுவத்துல படாத அலமாரியில வைங்க.

ஸ்கேன் பண்றதுன்னா 600 டிபிஐல எடுத்து பாதியா சுருக்குங்க. 300-லயே எடுத்தா அச்சுப் புள்ளிங்க அலை அலையா தெரியும். பக்கத்துக்குப் பின்னால கறுப்பு சார்ட் பேப்பர் வைங்க, மறுபக்கத்து எழுத்து ஊடுருவி வராது. எல்லாத்தையும் எடுக்க நேரமில்லன்னா வெளிநாட்டு கேம் விமர்சனத்தை விட்டுடுங்க. கேம் வரலாறைப் பாதுகாக்கிற அமெரிக்க அமைப்பான வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2025 ஜனவரில திறந்த டிஜிட்டல் நூலகத்துல மட்டும் 1500-க்கு மேல இதழ் இருக்கு, அந்த கேம்களைப் பத்தி அங்க கிடைக்கும். நீங்க முதல்ல எடுக்க வேண்டியது நம்ம ஊரு விலைப்பட்டியல், கிராஃபிக்ஸ் கார்டு ரூபாய் விலை, கடை விளம்பரம், வாசகர் கடிதம். அந்தப் பக்கங்களை அட்டையோட சேர்த்து எடுங்க, எந்த மாசம்னு அதுலதான் இருக்கும்.