கடலுக்கு ஆள் அனுப்பிய வீட்டுக் கனவு

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆம்பளைகளும் சேர்ந்து நிறைஞ்சு உக்காந்திருக்கிற பாம்பன் பெருமக்களுக்கும் வணக்கம்.

கனவு நடக்கப்போறதை முன்கூட்டியே சொல்லுமா, சொல்லாதா? சொல்லாது. அதுதான் எங்க அணி.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் போற போக்குல ஒரு அடி அடிச்சிட்டுப் போனாரு. "இந்த டீச்சரம்மா மாசம் பொறந்தா சம்பளம் வாங்குது, ஃபேனைப் போட்டுட்டுப் படுத்துத் தூங்குது. கடலுக்கு ஆளை அனுப்பிட்டு விடிய விடியப் புரண்டு கிடக்கிறவளுக்குத்தான் கனவு வரும். டீச்சருக்கு எங்கிட்டு வரும்?" அப்படின்னாரு. நீங்களும் கை தட்டுனீக. நல்லாவே தட்டுனீக. அந்த அடியை நான் திருப்பிக் கொடுக்காம இறங்க மாட்டேன். அதுக்கு முன்னாடி எங்க பெரியம்மாவைப் பத்திக் கொஞ்சம் கேளுங்க.

எங்க பெரியம்மா தங்கச்சிமடம் பக்கம். ஒருநாள் விடியக்காலம் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, "கல்யாண வீடு கண்டேன்"னு சொன்னாக. வாழைமரம் கட்டியிருக்கு, மேளம் அடிக்கிறாக, இலை போட்டிருக்கு. ஆனா பந்தியில பெரியம்மா ஒருத்திதான் உக்காந்திருக்காக. அம்புட்டுத்தான் கனவு. நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கனவுல சாவைக் கண்டா கல்யாணம், கல்யாணத்தைக் கண்டா சாவு. பெரியப்பா தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு வாசலைத் தாண்டுறாரு. பெரியம்மா ஓடிப்போய் சட்டியைப் பிடுங்கிட்டாக. "இன்னைக்கு வள்ளம் இறங்கக் கூடாது."

பெரியப்பா போகல. தெருவே போச்சு. சாயங்காலம் தெருவே திரும்பியும் வந்துச்சு, கணவாயும் நண்டுமா அள்ளிக்கிட்டு. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. பெரியப்பா திண்ணையில உக்காந்து பக்கத்து வீட்டுக்காரன் காசு எண்ணுறதைப் பாக்குறாரு. "எங்கடி சாவு?"ன்னு கேட்டாரு. பெரியம்மா அசரல. "நீங்க போகலல்ல, அதான் வரல."

கவனிச்சீகளா? கெட்டது நடந்தா கனவு பலிச்சிருச்சு. நடக்கலையா, கனவு காப்பாத்திருச்சு. எந்தப் பக்கம் விழுந்தாலும் கனவுக்குத்தான் ஜெயம்.

கதை அதோட முடியல. மாசங்கள் போச்சு. கரைவலை இழுக்கும்போது பெரியப்பா சேத்துக்குள்ள கிடந்த திருக்கையை மிதிச்சிட்டாரு. முள்ளு பாதத்துல ஏறிருச்சு. சுடுதண்ணியில காலை வச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆளு பிழைச்சாரு, நொண்டினாரு. அன்னைக்கு ராத்திரி பெரியம்மா சொன்னாக: "நான் அன்னைக்கே கண்டேன்." பெரியப்பா கேட்டாரு, "கல்யாண வீடுதானடி கண்ட?" "ஆமா, அந்த மாப்பிள்ளை நொண்டிக்கிட்டுத்தான் வந்தாரு. உங்ககிட்டச் சொன்னா பயந்திருவீகன்னு சொல்லல."

அடுத்து, உச்சிப்புளியில ஒரு சடங்கு வீட்டுல இந்தக் கதை வருது. இப்ப மாப்பிள்ளை கால்ல வெள்ளைத் துணிக் கட்டு இருக்கு. அதுக்கு அடுத்து, சொந்தக்காரங்க வீட்டு மொட்டை மாடியில. இப்ப பந்தியில இலை வெறும் இலையா இல்லை. இலையில என்ன பரிமாறியிருக்காங்க? திருக்கைக் குழம்பு! கல்யாணப் பந்தியில யாருய்யா திருக்கைக் குழம்பு ஊத்துவா? யாரும் கேக்கல, எல்லாரும் "ஆத்தாடி"ன்னு நெஞ்சுல கை வச்சாக.

கடைசியா மண்டபம் பஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்த ஒரு அக்கா. நான் யாரு வீட்டுப் பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியாது. "தங்கச்சிமடத்துல ஒரு அம்மா இருக்காகளாம். கனவு கண்டா கண்டதுதானாம். திருக்கை வந்து மாப்பிள்ளை காலைக் குத்துற மாதிரி கண்டாகளாம், மறுநாளே அவுக வீட்டுக்காரருக்குக் குத்திருச்சாம்!" மறுநாளே! இடையில போன மாசமெல்லாம் எங்க போச்சு? நொண்டாத மாப்பிள்ளை எங்க போனாரு?

எங்க பெரியம்மா பொய் சொல்றவங்க இல்லை. இதை அழுத்திச் சொல்றேன். நொண்டின மாப்பிள்ளையை அவுக மனசு இன்னைக்கு உண்மையிலேயே பாக்குது. நடந்த பிறகு நாம கனவைத் திரும்பத் திரும்ப நினைக்கிறோம், நினைக்கும்போதெல்லாம் நடந்தது அதுக்குள்ள போய் உக்காந்துக்குது. ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யுது, உங்களுக்கும் எனக்கும்.

அப்ப என்ன செய்யணும்? நடக்கிறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கணும். அதையும் செஞ்சு பாத்துட்டாங்க. 1966 அக்டோபர் 21, பிரிட்டனில் வேல்ஸ் பகுதி, அபர்ஃபான்னு ஒரு சுரங்க ஊர். மலை மேல கொட்டி வச்சிருந்த நிலக்கரிக் கழிவு சரிஞ்சு பள்ளிக்கூடத்து மேல விழுந்துச்சு. 144 பேர் செத்தாங்க, அதுல 116 பேர் பிள்ளைங்க. ஜான் பார்க்கர்னு ஒரு மனநல மருத்துவர், முன்கூட்டியே கனவோ உள்ளுணர்வோ வந்தவங்க எழுதுங்கன்னு பத்திரிகை வழியாக் கேட்டாரு. 76 பேர் எழுதினாங்க. மனுசன் அசந்து போனாரு. சரி, இனிமே முன்னாடியே எழுதி வாங்குவோம்னு 1967-ல் ஒரு அலுவலகமே திறந்து, நாடு முழுக்க வந்த கனவுகளைத் தேதி போட்டுப் பதிஞ்சாங்க. ஒண்ணு ரெண்டு ஒத்துப்போன மாதிரி தெரிஞ்சுது. மிச்சம் வந்து குவிஞ்சதெல்லாம் நடக்கவே இல்லை.

அமெரிக்காவில் 1932-ல் லிண்ட்பெர்க்ங்கிற விமானி வீட்டுக் குழந்தையைக் கடத்திட்டாங்க. ஹார்வர்டு மனவியல் அறிஞர்கள் கேட்டதுக்கு 1,300-க்கும் மேல கனவுகள் தபாலில் வந்துச்சு, உடல் கிடைக்கிறதுக்கு முன்னாடியே. குழந்தை இறந்து, மரங்களுக்கு நடுவுல புதைஞ்சு கிடக்குதுன்னு மூணும் சேர்ந்து இருந்தது நாலே நாலு. அந்த நாலு பேர் வீட்டுல கேட்டா கனவு பலிக்கும்னுதான் சொல்லுவாங்க. வலையில விழுந்த மீனை மட்டும் எண்ணிட்டு, கடல்ல இருக்கிறது இம்புட்டுத்தான்னு சொல்ற கணக்கு இது.

இலக்கியத்துக்கு அண்ணன் போனாரு. கண்ணகி கண்ட கனவு, பாண்டிமாதேவி கண்ட கனவு. அந்தக் கனவெல்லாம் பலிக்கும், ஏன்னா முடிவு தெரிஞ்ச புலவர் எழுதுறாரு. ஆண்டாள் கனாக் கண்டது கல்யாணத்தை. அது ஆசை. வள்ளுவர் கனவுக்குன்னே ஓர் அதிகாரம் வச்சாரு, 122-ஆவது. பத்துக் குறளிலும் தேடிப் பாருங்க, நாளைக்கு நடக்கப்போறது ஒண்ணு கிடையாது. பிரிஞ்சு போனவனை நினைச்சு ஏங்குற ஏக்கம்தான் இருக்கு. யூசுப் நபியோட கனவைச் சொன்னாரு, பைபிள்லயும் யோசேப்புன்னு அது இருக்கு. அது வேதம். நபிக்கு வந்த கனவு, அதுக்கு நான் தலை வணங்குறேன். அதை வச்சு எங்க பெரியம்மாவை நபி ஆக்க வேண்டாம்.

இது கலாம் பிறந்த மண்ணுன்னும் சொன்னாரு. அந்த மனுசர் கண்ட கனவு என்ன? விமானம் ஓட்டணும். டேராடூன்ல விமானப்படைத் தேர்வுக்குப் போனாரு. 25 பேர்ல ஒன்பதாவதா வந்தாரு. எடுத்தது எட்டுப் பேரை. பறக்கணும்னு கண்ட கனவு பலிக்கல. அதுக்குப் பிறகு உழைச்ச உழைப்புதான் அவரை ராக்கெட் பக்கம் கொண்டு போச்சு.

இப்ப அண்ணன்கிட்ட வாரேன். அண்ணே, எங்க அப்பா வத்தைங்கிற சின்னப் படகுல கடலுக்குப் போனவரு. கச்சான் காத்து ஏறி தென்கடல் கொந்தளிச்சா எங்க அம்மா வாசக்கதவை ஒட்டிப் பாயைப் போடும். நான் வாங்குற சம்பளத்துக்கு முன்னாடி எனக்குச் சோறு போட்டது அந்தக் கடல்தான். சரி, அதை விடுங்க. நீங்க என்ன சொன்னீக? கடலுக்கு ஆள் அனுப்பினவளுக்குத்தான் கனவு வரும், தூங்குற டீச்சருக்கு வராது. அம்புட்டும் சத்தியம்! எங்க வழக்கை நீங்களே ஜெயிச்சுக் கொடுத்திட்டீக.

யோசிச்சுப் பாருங்க. வரப்போற புயலைக் கனவு காட்டும்னா, அது எல்லாருக்கும்ல காட்டணும்? டீச்சர் வீட்டுக் கூரையையும்தான அந்தப் புயல் தூக்கப் போகுது? ஆள் போன வீட்டுக்கு மட்டும் கனவு வருதுன்னா, அது புயல்ல இருந்து வரல. போன ஆள்கிட்ட இருந்து வருது. அவன் மேல வச்ச பாசத்துல இருந்து, இன்னும் வரலையேங்கிற பயத்துல இருந்து வருது.

தாய்மாரே, உங்களையே கேக்குறேன். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கு. வீட்டுக்காரர் பக்கத்துல குறட்டை விடுறாரு. இப்ப உங்களுக்குப் படகு கவுர்ற கனவு வருதா? அங்க தலையாட்டுறீக பாருங்க, வரலைன்னு! ஏன் வரல? ஜூன் 15-க்குப் பிறகு கடல்ல நடக்கப்போறதை மே மாசமே காட்டுனா என்ன? வேணுங்கிற மட்டும் நேரம் இருக்கே, வலையைச் சரிபண்ணி, இன்ஜினைப் பாத்து வைக்கலாமே! காட்டாது. கடலுக்குப் போக டோக்கன் வாங்கி முதல் படகு கிளம்புன ராத்திரிதான் காட்டும். அண்ணே, ஃபேன் காத்துக்கும் கனவுக்கும் சம்பந்தமில்லை. வாசலுக்கு வெளிய யாரு நிக்கிறாங்கிறதுதான் சம்பந்தம்.

அண்ணன் தனுஷ்கோடியைச் சொன்னாரு. 1964 டிசம்பர்ல கடல் ஊருக்குள்ள வர்றதை அவரோட பாட்டி முந்தின ராத்திரியே கண்டாங்கன்னாரு. அந்தப் பாட்டியை நான் கும்பிடுறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். இந்தக் கரையில மார்கழி மாசத்துல கடல் உள்ள வர்ற கனவு எந்தப் பாட்டிக்குத்தான் வரல? அதுக்கு முந்தின வருசம் கண்ட கனவை யாரு ஞாபகம் வச்சிருக்கா? டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில், நூத்துக்கும் மேல ஜனத்தோட கடலுக்குள்ள போச்சே, அதுல ஏறுனவங்களுக்குத் தாய் இல்லையா? பாட்டி இல்லையா? 2017-ல் ஒக்கிப் புயல் கொண்டுபோன குமரிக்கரைப் பிள்ளைகளுக்கு அம்மா இல்லையா? அந்த அம்மாக்கள் பாசத்துல குறைஞ்சவங்களா?

புயலைச் சொல்றதுக்கு இந்தத் துறைமுகத்துல கூண்டு ஏத்துறாங்க. கூண்டு நம்பரைப் பாக்கணும், ரேடியோ கேக்கணும், படகுல வயர்லெஸ் வேலை செய்யுதான்னு பாக்கணும். எச்சரிக்கை நேரத்துக்கு வரலைன்னா அதிகாரியைப் போய்க் கேக்கலாம், சண்டை போடலாம். கனவுகிட்ட யாரு போய்க் கேக்குறது? கனவு எச்சரிச்சுச்சுன்னு ஒத்துக்கிட்டா, பழி யாரு தலையில விழுது? கனவு கண்டவ தலையிலதான்.

இதைப் பேசத்தான் நான் வந்தேன். நடுவர் அவர்களே, எங்க வகுப்புல ஒரு பையன். பெஞ்சுல தலை வச்சுத் தூங்கிட்டே இருப்பான். ஏன்டான்னு கேட்டேன். "ராத்திரி அம்மா முழிச்சே உக்காந்திருக்கு டீச்சர். அம்மாவைத் தனியா விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?"ன்னான். அவன் அண்ணன் கடலுக்குப் போனான், திரும்பல. போன அன்னைக்கு விடியக்காலம் அந்த அம்மா ஒரு கனவு கண்டிருக்கு. சொன்னா பிள்ளை சங்கடப்படுவானேன்னு சொல்லாம, டீயைப் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கு. அதுக்குப் பிறகு சாமி கும்பிட வர்றவங்க, துக்கம் கேக்க வர்றவங்க, எல்லாரும் கேட்டது ஒண்ணுதான். "கனவு கண்டும் ஏன்டி அனுப்புன?" இப்ப அது தூங்கப் பயப்படுது. தூங்குனா கனவு வரும், வந்தா சின்னவனும் போயிருவான்னு.

அன்னைக்குக் காத்து அடிக்காம இருந்திருந்தா, மத்தியானச் சோத்துக்குள்ள அந்தக் கனவை அது மறந்திருக்கும். அதுக்கு முன்னாடி எத்தனை ராத்திரி கண்டு, எத்தனை தடவை டீ போட்டு அனுப்பி, எத்தனை தடவை அவன் மீனோட வந்து நின்னான்! அதையெல்லாம் யாரும் அதுக்கு எடுத்துச் சொல்லல. வள்ளத்தைக் கவுத்தது காத்து. பழியைச் சுமக்கிறது பெத்தவ. அண்ணே, உங்க கட்சி ஜெயிச்சா அந்தப் பழி உண்மையாயிரும். அதுக்கு நான் விடமாட்டேன். எனக்கு ஆதாரம் வேண்டாம், அபர்ஃபான் வேண்டாம், வள்ளுவர்கூட வேண்டாம். அந்தப் பொம்பளை தூங்கணும். அவ்வளவுதான் என் வாதம்.

அந்த வீடு இந்த மைக் சத்தம் கேக்குற தூரத்துலதான் இருக்கு. நான் பல தடவை போய்ச் சொல்லிட்டேன், நான் சொன்னா டீச்சர் ஆறுதலுக்குச் சொல்லுதுன்னு நினைக்குது. நடுவர் அவர்களே, மதிப்பெண்ணை யாருக்கு வேணும்னாலும் போடுங்க. தீர்ப்பு சொல்லும்போது ஒரே ஒரு வரி, சத்தமா, இந்த மைக்குல சொல்லிருங்க: அவ கண்ட கனவுக்கும் அவ மகன் சாவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு. நீங்க சொன்னா அது நம்பும்.

மணி அடிச்சிட்டீங்க. உக்காந்துக்கிறேன். வணக்கம்.