விமானம் இறங்குகிறது, பஸ் எங்கே?

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கேரளத்துப் பாறசாலையிலிருந்தும் தமிழ்நாட்டுக் களியக்காவிளையிலிருந்தும் வந்து எல்லை பாராமல் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் மக்கள் பிரதிநிதிகளே, வணிகர் சங்கப் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, கோயில் கமிட்டிச் செயலாளர் அவர்களே, பந்தலுக்கு மின்சாரம் தந்த பக்கத்து வீட்டுக்காரர் அவர்களே! மூன்றாம் வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அய்யாவை விட்டுவிட்டு நாளைக்கு இந்த ஊரில் நடமாட முடியாது. அவருக்கும் வணக்கம்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தைப் பற்றி வரலாறு, வசதிகள், சரக்குப் போக்குவரத்து என்று மூன்று தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பழமொழியோடு தொடங்குகிறேன். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். இதை இன்று அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1932-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்து மருமகன் கோதவர்ம ராஜாவின் முயற்சியில் பறக்கும் கிளப்பாகத் தொடங்கியது இந்த இடம். அவரே விமானம் ஓட்டத் தெரிந்தவர். 1935 அக்டோபர் கடைசியில் பம்பாயிலிருந்து டாடா விமானம் வந்து இறங்கியது. நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர் அஞ்சல் பையோடு அது திரும்பிப் பறந்தது. இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் கல்குளமும் விளவங்கோடும் அன்று அதே திருவிதாங்கூர் நாடுதான். சரியாக 21 வருஷம் கழித்து, 1956-இல், அதே நவம்பர் 1-ஆம் தேதிதான் நமக்கு நடுவே மாநில எல்லை விழுந்தது. 1991 ஜனவரி 1 முதல் சர்வதேச நிலையம். நான்கு பெருநகரங்களுக்கு வெளியே அந்தத் தகுதி பெற்ற முதல் நிலையம் இதுதான். 2011-இல் புதிய முனையம். 2021 அக்டோபர் 14 முதல் 50 வருஷக் குத்தகையில் அதானி குழுமத்தின் நிர்வாகம். வரலாறு இவ்வளவு போதும்.

வசதிக்கு வருகிறேன். முதல் முனையம் சங்குமுகம் பக்கம், கடலை ஒட்டி. இரண்டாம் முனையம் சாக்கை பக்கம், பைபாஸை ஒட்டி. நடுவில் ஏறத்தாழ 3,400 மீட்டர் ஓடுதளம். குறுக்கே போக முடியாது, ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். பலர் விமானத்தைத் தவறவிடுவது இங்கேதான். 'உள்நாட்டு விமானம் என்றால் முதல் முனையம்' என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள். சில நிறுவனங்களின் உள்நாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்தும் புறப்படுகின்றன. டிக்கெட்டில் டி1, டி2 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

பெட்டியில் கொப்பரை வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசை உள்ள சரக்கு, சூடேறினால் தானே பற்றக்கூடியது. எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காமல் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். குடிபெயர்வு அனுமதி இல்லாமல் போனால் குடியேற்றக் கவுன்டரிலிருந்தே திருப்பி அனுப்புவார்கள், டிக்கெட் பணமும் போகும். சக்கர நாற்காலி வேண்டுமானால் 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவையுங்கள்.

ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் போகும். அன்று மாலை சுமார் 5 மணி நேரம் விமானம் கிடையாது. ஊர்வலம் திரும்பியதும் ஓடுதளத்தைச் சோதித்த பிறகே திறப்பார்கள். சின்னக் கல்லை எஞ்சின் உறிஞ்சினாலும் உள்ளே சுழலும் தகடு சேதமாகிவிடும்.

இனி நம்ம விருந்தாளியின் கதை. 2025 ஜூன் 14 ராத்திரி, கடலில் நின்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலுக்குத் திரும்ப முடியாமல், எரிபொருள் குறைந்து, எஃப்-35பி போர் விமானம் ஒன்று இங்கே இறங்கியது. ரேடாருக்கே சிக்காத விமானம் என்பார்கள். நம்ம ஊர் மழையிடம் சிக்கிக்கொண்டது! ஹைட்ராலிக் கோளாறு. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில், நாலாம் எண் நிறுத்துமிடத்தில், துப்பாக்கிக் காவலோடு நின்றது. விமானப் பராமரிப்புக் கூடாரத்துக்குள் (ஹேங்கர்) கொண்டுபோகலாம் என்றோம். பிரிட்டிஷார் முதலில் வேண்டாம் என்றார்கள். 'இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை' என்று அது சொல்வதாகக் கேரளச் சுற்றுலாத் துறை விளம்பரமே போட்டுவிட்டது. கடைசியில் ஜூலை 6-ஆம் தேதி ஏ400எம் என்ற ராணுவச் சரக்கு விமானத்தில் பொறியாளர்களும் இழுவைக் கருவிகளும் வந்திறங்கி, அதைச் சாக்கை பக்கத்துப் பராமரிப்புக் கூடாரத்துக்குள் இழுத்துப் போனார்கள். ஜூலை 22-ஆம் தேதி ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தது.

அந்த விமானத்தைச் சில நூறு மீட்டர் இழுக்கக் கடல் தாண்டி ஆள் வந்தார்கள். விடியக்காலை 3 மணிக்குத் துபாய் விமானத்தில் இறங்குகிற நம்ம ஆளை 30 கிலோமீட்டர் கொண்டுவந்து விட ஒரு பஸ் உண்டா? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன்...! (கைதட்டல்)

வழி கஷ்டமே இல்லை. களியக்காவிளை, காரோடு, முக்கோலை, கோவளம், திருவல்லம், ஈஞ்சக்கல். பைபாஸிலேயே வந்தால் நகர நடுவிலுள்ள தம்பானூர் நெரிசலுக்குள் நுழையாமல் இரண்டாம் முனையம். அங்கிருந்து சாக்கை வழியே சுற்றிச் சங்குமுகம். வண்டியில் பின்பக்கம் நாலு இருக்கையைக் கழற்றிப் பெட்டி வைக்கும் தட்டு போட வேண்டும்; 30 கிலோ பெட்டியை மடியில் வைக்க முடியாது.

சிக்கல் பெர்மிட்டில். இரு மாநிலமும் ஒப்பந்தம் போட்டு, ஒரு மாநிலத்தின் பெர்மிட்டில் மற்ற மாநிலம் மேலொப்பம் வைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 88-ஆம் பிரிவு. பேச்சுவார்த்தை இழுக்கும். அதுவரை பாறசாலையிலிருந்தே வண்டியைக் கிளப்பலாம் என்பது என் வாதம். முழுக்கக் கேரள எல்லைக்குள் ஓடும், வெளிமாநில ஒப்பந்தமே வேண்டாம். எல்லையைத் தாண்டி நாம் ஆட்டோவில் வந்துகொள்வோம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தோவாளைப் பூ விமானம் ஏறுகிற கதை, சரக்குக் கட்டணம் எல்லாம் இன்னொரு மேடைக்கு. வைகுண்டம் அப்புறம், முதலில் கோழி!

வாசலில் மேசைமேல் இந்த பஸ் கேட்டு மனு இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டால் அதிகாரிகள் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். ராத்திரி 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் வந்து இறங்கியவர்கள், இறங்கிய தேதி, விமான எண், வீட்டுக்கு வரக் காருக்குக் கொடுத்த வாடகை மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். பழைய போர்டிங் பாஸ் இருந்தால் நகல் இணையுங்கள். நன்றி, வணக்கம்.