சிறை மறைத்த ஆளைத் தெருவில் நிறுத்துவோம்

நடுவர் அவர்களுக்கும், தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வந்திருக்கும் நம் சொந்தங்களுக்கும் வணக்கம். நாட்டுக்காகச் சிறை சென்றவருக்குச் சிலை தேவையா, புத்தகமே போதுமா என்பது தலைப்பு. சிலை தேவை என்று பேச வந்திருக்கிறேன்.

சிலைக்கு வருஷத்தில் ஒரு நாள் மாலை, மற்ற நாளெல்லாம் காக்கை எச்சம் என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான் ஐயா. அது நம்முடைய குறை, சிலையின் குறை இல்லை.

சரி, சிறை எதற்கு? ஓர் ஆளை ஊரார் கண்ணில் படாமல் ஆக்குவதற்கு. வ.உ.சி.க்கு அதைத்தான் செய்தார்கள். தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட மனிதர். கப்பல் வாங்க இதே பம்பாய்க்குத்தான் வந்தார். கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்களோடு நின்றார். 1908 ஜூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம்! மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் கோவைச் சிறையில் மாடு இழுக்கிற செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்ய வேண்டிய உரிமமான சன்னதும் இல்லை.

அதே 1908 ஜூலை 22-இல் திலகருக்கு இந்த ஊர் ஹைகோர்ட்டில் 6 வருஷம் தண்டனை. வருஷத்துக்கு ஒரு நாள் என்று மில் தொழிலாளர்கள் 6 நாள் வேலைக்குப் போகவில்லை. அவர்களில் எத்தனை பேர் புத்தகம் படித்துவிட்டு வந்தார்கள்?

என் அப்பா பள்ளிக்கூடமே போகாதவர். ஒட்டப்பிடாரம் பக்கம். தாராவியில் தோல் கிடங்கில் மூட்டை தூக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌபாத்தி கடற்கரையில் திலகர் சிலையைப் பார்த்து, இது யார் என்று பக்கத்திலிருந்த பேல்பூரிக்காரரிடம் கேட்டிருக்கிறார். பர்மாவில் மண்டாலே சிறையில் கிடந்தவர் என்று அவர் சொல்ல, "எங்க ஊர்லயும் ஒருத்தர் செக்கிழுத்தாரு" என்று அப்பா அரைகுறை இந்தியில் வ.உ.சி. கதையைச் சொன்னாராம். கடையில் கூட்டம் வந்தும் அந்த மனிதர் முழுதும் கேட்டாராம். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவை அன்று பேச வைத்தது அந்தச் சிலை.

அதனால் கேட்கிறேன். அவர் கப்பல் தேடி வந்த இந்த ஊரில், துறைமுகத்துப் பக்கம் வ.உ.சி.க்கு ஒரு சிலை வேண்டும். கோட்டும் தலைப்பாகையுமாக வேண்டாம், செக்கு இழுக்கிற கோலத்தில் வையுங்கள். கீழே தமிழிலும் மராத்தியிலும் பெயர் எழுதுங்கள். யாராவது வந்து கேட்டால் பேல்பூரிக்காரர் படித்துச் சொல்ல வேண்டுமே!