கடுகு டப்பாவில் இருந்த ஐந்நூறு ரூபாய்

நடுவர் ஐயாவுக்கும் மதுரை மக்களுக்கும் வணக்கம். ஒரே நேரத்தில் பல வேலைகளை நடத்தும் வசதி, நிரல் மொழியின் இலக்கணத்திலேயே இருக்க வேண்டுமா, தனியே ஒரு நூலகமாக இருந்தால் போதுமா என்பது தலைப்பு. நிரல் மொழி என்றால் கணினிக்கு வேலை சொல்கிற மொழி. நூலகம் என்றால் இங்கே புத்தகம் வைக்கும் இடமில்லை, வேண்டும்போது வெளியிலிருந்து சேர்த்துக்கொள்கிற ஆயத்த நிரல் தொகுப்பு. இலக்கணத்தில்தான் இருக்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொன்னார், அரங்கமே கைதட்டியது. "விருந்தாளி வந்தா பாயை விரிங்க. அதுக்காக வீட்டையே இடிச்சுக் கட்டுவீங்களா?" மொழி வீடாம், நூலகம் பாயாம். தம்பி, இதில் யார் விருந்தாளி? இங்கே பலர் கையில் இருக்கிற போனிலேயே எட்டு கோர் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் எட்டுப் பேர் வேலை பார்க்கிற மாதிரி. திங்கட்கிழமை வந்து செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போகிறவர்தான் விருந்தாளி. இந்த எட்டுப் பேரும் குடும்பத்து ஆட்கள். அவர்களுக்கு எத்தனை நாள் பாய் விரிப்பீர்கள்?

குடும்பம் என்றதும் எங்கள் வீட்டைச் சொல்லியாக வேண்டும். செல்லூரில் வீடு. அப்பாவுக்குக் கைத்தறி. அம்மாவுக்கு வாசலில் இட்லிக் கடை. இருவர் சம்பாத்தியமும் போகும் இடம் ஒன்றுதான், அடுப்படியில் இருந்த கடுகு டப்பா. "எடுத்தா சொல்லிட்டு எடுங்க." எங்கள் வீட்டு ஒப்பந்தம் அவ்வளவுதான்.

நான் ஏழாவது படித்த வருடம். ஒரு நாள் காலையில் டப்பாவுக்குள் ஒற்றை ஐந்நூறு ரூபாய் நோட்டு. அம்மா திறந்து பார்க்கிறார், இருக்கிறது. "நாளைக்கு ஃபீஸ் கட்டிரலாம்டி" என்று என்னிடம் சொல்லி, மூடிவிட்டு மாவு கரைக்கப் போகிறார். பத்து நிமிடம் கழித்து அப்பா திறக்கிறார். இருக்கிறது. பாக்கி கேட்டு நூல்காரர் வாசலில் நிற்கிறார். எடுத்துக் கொடுத்துவிட்டார். சொல்லலாம் என்று தேடினால் அம்மா குழாயடியில். சரி, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தறியில் உட்கார்ந்தவர் மறந்துவிட்டார். மறுநாள் நான் யூனிஃபார்ம் போட்டு நிற்கிறேன். அம்மா டப்பாவைத் திறந்தால் கடுகுதான் இருந்தது.

இதை இன்னொரு தரம் மெதுவாகச் சொல்கிறேன். அம்மா பார்த்தபோது பணம் இருந்தது. அப்பா பார்த்தபோதும் இருந்தது. அம்மா பார்த்ததற்கும் எடுக்கப் போனதற்கும் நடுவில் இருந்த அந்த ஒரு நாளில்தான் எங்கள் குடும்பம் கவிழ்ந்தது. நிரல் எழுதுகிறவர்கள் இதை ரேஸ் கண்டிஷன் என்பார்கள். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனதே, அன்று ஒரு கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடிக்காமல் போனதற்குக் காரணம் இதே வகைப் பிழை.

அப்புறம் அம்மா என்ன செய்தார்? தகரப் பெட்டி வாங்கினார், பூட்டினார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இனி யாரும் தொட முடியாது. நல்ல ஏற்பாடுதான். அடுத்த வாரமே மேலூரில் ஒரு கல்யாணம். அம்மா போய்விட்டார், இடுப்பில் சாவியோடு! பால்காரர் நிற்கிறார், நூல்காரர் நிற்கிறார், அப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பூட்டியவர் திறக்காமல் போனால் வீடே நிற்கும். நூலகத்தில் பூட்டுவதற்கு ஒரு கட்டளை, திறப்பதற்கு வேறொரு கட்டளை என்று வைத்தால் நடப்பது இதுதான். நடுவில் ஒரு எரர் வந்தால் போதும், சாவி மேலூர் போய்விடும்.

அம்மா திரும்பி வந்த அன்றே அப்பா பெட்டிக்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்தார். சாவியைக் கயிற்றில் கோத்து அந்த ஆணியிலேயே கட்டினார். ஒருவர் கையில் சாவி இருக்கும்போது இன்னொருவர் திறக்க முடியாது. பார்ப்பதும் எடுப்பதும் ஒரே மூச்சில் முடியும். கையை விட்டால் சாவி தானாக ஆணிக்குப் போய்விடும், யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. ஜாவா என்ற நிரல் மொழி தொடக்கத்திலிருந்தே சிங்க்ரனைஸ்டு என்று ஒரு சொல்லை இலக்கணத்தில் வைத்திருக்கிறது. அந்தச் சொல்லைப் போட்டு எழுதிய பகுதியை விட்டு வெளியே வந்தால், எரர் வந்து வெளியேறினாலும், பூட்டு தானே திறந்துகொள்ளும். அப்பா ஆணியை அடித்தது சுவரில். பாயில் ஆணி அடிக்க முடியுமா தம்பி?

எதிரணி அக்காவும் ஒரு கேள்வி கேட்டார். 2018-இல் வந்த பைதான் மொழியின் 3.7 பதிப்பு, ஒரே நேரத்தில் பல வேலை நடத்துவதற்கான அசிங்க் என்ற சொல்லைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டதால், அதைப் பெயராக வைத்திருந்த பழைய நிரல்கள் உடைந்தனவே என்றார். உடைந்தது உண்மைதான் அக்கா. காலம் கடந்து சுவரில் ஆணி அடித்தால் பூச்சு உதிரும். 2009-இல் வெளியே வந்த கோ மொழி, வேலையைத் தனியே ஓடவிடும் சொல்லை முதலிலேயே வைத்துக்கொண்டது. அந்த வலி அதற்கு வரவில்லை. 2005-இல் ஹான்ஸ் போம் என்ற கணினி அறிஞர், இழைகளை, அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற வேலைகளை, வெறும் நூலகமாகச் செய்ய முடியாது என்று ஒரு கட்டுரையே எழுதினார். இழைகள் இருப்பதே மொழிக்குத் தெரியாவிட்டால், நாம் எழுதியதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற கம்பைலர், வேகத்துக்காக வேலையை முன்பின்னாக மாற்றிவிடும். சி பிளஸ் பிளஸ் என்ற மொழி 2011-இல் அதற்கான விதிகளை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது.

நடுவர் ஐயா, சாவிக் கதை சொன்னேன். பணம் காணாமல் போன அந்தச் சாயங்காலத்தைச் சொல்லவில்லை. "நான் பாக்கும்போது இருந்துச்சு" என்று அம்மா அழுதார். "நானும் பாத்துட்டுத்தானே எடுத்தேன்" என்றார் அப்பா. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இன்றைக்கு இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களில் ராத்திரி இரண்டு மணிக்குத் திட்டு வாங்குகிற நம் பிள்ளைகளும் இப்படித்தான். தனியாக எடுத்துப் பார்த்தால் அவன் எழுதிய வரி சரி, அவள் எழுதிய வரியும் சரி. சேர்ந்து ஓடும்போது உடைகிறது. கவனமாக எழுதியிருக்கக் கூடாதா என்று அவர்களைத்தான் கேட்கிறோம்.

இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நின்றேன். மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா கடன் வாங்கிக்கொண்டு வந்தார். தலையெல்லாம் தறிப் பஞ்சு. பணத்தைக் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார், முகத்தைப் பார்க்கவில்லை. "நான் பாத்துட்டுத்தாம்மா எடுத்தேன்" என்றார். தீர்ப்பு எழுதும்போது அவரை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.