ராக்னர் லோத்புரோக் பாம்புக்குழியில்தான் செத்தாரா?

“ராக்னர் லோத்புரோக் என்ற வைக்கிங் வீரர் நிஜமாகவே இருந்தாரா? பாரிஸைச் சூறையாடியது அவர்தானா? கடைசியில் பாம்புக்குழியில் தள்ளிக் கொன்றார்களாமே?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நடுக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற இரண்டும் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

845 மார்ச் மாதம் 120 கப்பல்கள் சேன் ஆற்றில் ஏறி வந்தன. தலைவன் பெயரை லத்தீனில் ரெகின்ஹேருஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்கிய அரசர் வழுக்கை சார்லஸ் (பட்டப்பெயர்தான், நான் வைத்ததில்லை) தன் படையை இரண்டாகப் பிரித்து ஆற்றின் இரு கரையிலும் நிறுத்தினார். வைக்கிங்குகளுக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஒரு பாதியை மட்டும் அடித்து நொறுக்கி, பிடிபட்ட 111 பேரை மறுகரைப் படை பார்க்கும்படி தூக்கில் போட்டார்கள். அப்புறம் ஈஸ்டர் சமயத்தில் பாரிஸுக்குள் புகுந்தார்கள். 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்துத்தான் அவர்களைக் கிளப்ப முடிந்தது.

இந்த ரெகின்ஹேருஸ்தான் ராக்னர் என்று பலர் சொல்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே அவன் உடம்பு வீங்கிச் செத்தான், கொள்ளையடித்த மடத்தின் புனிதர்தான் தண்டித்தார் என்று பிராங்கியத் துறவிகள் எழுதியிருக்கிறார்கள். பாம்புக்குழியில் தள்ளியதாகச் சொல்லப்படும் ஏல்லா, வட இங்கிலாந்தின் நார்தம்பிரிய ராஜ்ஜியத்து அரசர்; அவர் பட்டத்துக்கு வந்ததோ 860களில். எப்போதோ செத்துப்போனவனை அவர் எப்படிக் கொல்வார்?

பிள்ளைகள் கதை வேறு. 865இல் ஒரு வைக்கிங் பெரும்படை இங்கிலாந்தில் இறங்கியது, 866இல் யார்க்கைப் பிடித்தது, 867இல் ஏல்லாவைக் கொன்றது. அதன் தலைவர்களான இவார், ஹால்ஃப்டான் இருவரையும் ராக்னரின் பிள்ளைகள் என்பார்கள்; இருவரும் சந்தேகமில்லாத சரித்திர மனிதர்கள். ஆனால் அப்பாவுக்காகப் பழிவாங்க வந்தார்கள் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயக் குறிப்புகளில் ஒரு வரிகூட இல்லை. லோத்புரோக் என்ற பெயரே 11ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. அதற்கு ‘மயிர்க் கால்சட்டை’ என்று பொருள். விஷப் பாம்பைக் கொல்வதற்காகத் தாரில் காய்ச்சிய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போனாராம்!

என் கணக்கில், பிள்ளைகள் நிஜம். அவர்களுக்குத் தகுந்த அப்பாவைப் பல ஆட்களின் கதைகளிலிருந்து பின்னால் வந்தவர்கள் தைத்துக் கொடுத்தார்கள். கிழப் பன்றி படும் பாடு தெரிந்தால் குட்டிகள் உறுமும் என்று குழிக்குள் கிடந்து ராக்னர் சொன்னதாக 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கதையில் வருகிறது. குட்டிகள் யார்க் வரை வந்துவிட்டது தெரிந்த பிறகு எழுதிய வசனம் அது.