எத்தனை கன்று என்று கேட்கிறோம், எத்தனை வகை என்று கேட்கிறோமா?

எல்லோருக்கும் வணக்கம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கிற இந்தச் சாயங்காலத்திலும் படிப்பகத்துக்கு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள், முன்வரிசையில் வார்டு உறுப்பினர்களும் இருக்கிறார்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன வருஷம் எங்கள் ஊர்ச் சானல்கரையில், அதாவது பாசனக் கால்வாய்க் கரையில், மரம் நடு விழா நடந்தது. நானும் மண்வெட்டியோடு போனேன். லாரியிலிருந்து இறக்கி வைத்ததைப் பார்த்தால் முக்கால்வாசி மகாகனி. வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "நாற்றங்காலில் இதுதான் சார் இருந்தது" என்றார் கொண்டுவந்தவர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, இருந்ததைத்தானே அவர் ஏற்றிவர முடியும். ஆனால் அந்தப் பதில் என்னை விடவே இல்லை. நம் தெருவில் ஐம்பது வருஷம் நிற்கப் போகிற மரத்தை நாம் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, எங்கேயோ மிச்சம் கிடந்த பைகள் தேர்ந்தெடுத்துவிட்டன.

ஒரே வகையாக நட்டால் என்ன ஆகும் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்தால் அந்த நாளில் மரத்தைப் பற்றிப் பேசவே மனசு கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். காற்று ஓய்ந்தபிறகு மேற்குப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ரப்பர்த் தோட்டம் தோட்டமாக முறிந்து கிடந்தது. ரப்பரில் பெரும்பகுதி ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒரே ரகம், அதாவது ஒரே தாய்மரத்தின் ஒட்டு. பக்கத்துப் பக்கத்து மரமெல்லாம் ஒரே வயசு, ஒரே உயரம். அது பயிர், பால் வெட்டிப் பிழைக்கிறவருக்கு அதில் ஒரு கணக்கு உண்டு, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டும் பள்ளிக்கூட முற்றமும் தோட்டம் இல்லையே, அங்கே எதற்கு நாம் தோட்டம் மாதிரி நடுகிறோம்?

தென்னையில் வேர்வாடல் நோய் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எதற்கும் அசையாது என்று நாம் நம்புகிற வேம்பே சில வருஷங்களுக்கு முன் தமிழ்நாட்டில் பல இடங்களில் நுனி நுனியாகக் கருகி, தீ வைத்த மாதிரி நின்றது. தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும் பூஞ்சணமும் சேர்ந்து செய்த வேலை. பல மரங்கள் துளிர்த்துவிட்டன, நல்லது, ஆனால் தெரு முழுக்க வேம்பு மட்டும் நட்டிருந்த ஊரில் அந்த மாதங்களில் ஒதுங்க நிழல் இல்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். அங்கே தெருவெல்லாம் எல்ம் மரம் நட்டார்கள், பூஞ்சண நோய் வந்து போன நூற்றாண்டில் கோடிக்கணக்கில் பட்டுப்போயின. சரி, மாற்று மரம் வேண்டும் என்று பல ஊர்களில் ஆஷ் மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். 2002-ல் டெட்ராய்ட் பக்கம் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள், அது பட்டைக்குள் துளைத்து அந்த ஆஷையும் கோடிக்கணக்கில் கொன்றது. முதல் தடவை மரம் போனது துரதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை போனது, போன மரத்தின் இடத்தில் மறுபடியும் ஒன்றையே நட்டதால்.

அந்த நாட்டு ஆராய்ச்சியாளர் ஃபிராங்க் சான்டமூர் 1990-லேயே ஒரு எளிய கணக்கு சொல்லியிருந்தார். ஓர் ஊரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஒரே பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம், 20-ஐ, ஒரே குடும்பம், அதாவது பேரினங்களின் கூட்டம், 30-ஐ. இந்தக் கடைசி எண்ணில்தான் நாம் விழுந்துவிடுகிறோம். நம் சாலையோரத்தை எண்ணிப் பாருங்கள்: புங்கு, சரக்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி, வாகை, மயில்கொன்றை, புளி. ஏழு வகை இருக்கிறதே என்று தோன்றும். ஏழும் அவரைக் குடும்பம்! காயைப் பார்த்தாலே தெரியும், எல்லாம் நெற்று. நான் ரொம்ப நாள் கழித்துத்தான் இதைக் கவனித்தேன், கவனித்தபிறகு அந்தச் சாலையில் நடக்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது.

அப்புறம், வகை கூட்டுவதற்காகக் கண்டதையும் கொண்டுவர வேண்டாம். சீக்கிரம் வளர்கிறது, எப்போதும் பச்சையாக இருக்கிறது என்று கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள், குஜராத் அரசு 2023-ல் அதைத் தடை செய்தது, பிறகு நம் மாநிலத்திலும் தடை வந்தது. நமக்கு அந்தத் தேவையே இல்லை. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது, ஆரல்வாய்மொழிக் காற்றும் வெயிலும் ஒரு பக்கம், பேச்சிப்பாறை ஈரம் இன்னொரு பக்கம், நடுவில் தூரம் அதிகம்கூட இல்லை. உப்புக்காற்று அடிக்கிற குளச்சல், ராஜாக்கமங்கலம் கரைக்குப் புன்னையும் பூவரசும். சானல்கரைக்கும் குளத்தங்கரைக்கும் நீர்மருது, கடம்பு, நாவல். கிழக்கே பனை, இலுப்பை. மேற்கே அயினி என்கிற பலா இன மரம். வள்ளத்துக்கும் கதவு நிலைக்கும் அயினி என்று சொன்ன ஊரில் இன்றைக்குப் பிள்ளைகளுக்கு அயினிச் சக்கை என்கிற அதன் பழத்தின் ருசி தெரியாது, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். மின்கம்பிக்குக் கீழே பவளமல்லி, மந்தாரை மாதிரி உயரம் அடங்கியது போதும், வருஷா வருஷம் கொப்பு வெட்டுகிற வேலை மிச்சமாகும். தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டவை, அங்கே கரைக்கு ஆலும் அத்தியும் கொடுத்தால் பறவைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் ஆசை. நடைமுறை நாற்றங்காலில் இருக்கிறது. நாவல், அயினி, இலுப்பை விதைகளைக் காயவைத்து டப்பாவில் அடைத்து வைக்க முடியாது, உலர்ந்தால் செத்துவிடும், பொறுக்கிய சில நாளில் பையில் போட வேண்டும். வேப்பங்கொட்டைக்கும் சில வாரம்தான். புன்னைக் கொட்டையின் ஓட்டை உடைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். ஆலும் பூவரசும் போத்து வெட்டி நட்டாலே வரும். ஆகஸ்ட் 15-க்கு மரம் நட வேண்டும் என்று ஜூலையில் கடிதம் போட்டால், வருஷம் முழுக்க விதை கிடைக்கிற நாலு வகைதான் வரும். ஒன்றரை வருஷம், முடிந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே, எந்த வகை எத்தனை என்று எழுதிக் கேட்டால் நாற்றங்கால்காரர் அதை வளர்ப்பார். ஆடு எட்டாத உயரக் கன்றும் அப்போதுதான் கிடைக்கும்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் மாநகராட்சி, நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் ஊர்ப் பதிவேடு எங்கே என்று போய்க் கேளுங்கள். அதில் தாய்மரங்களின் பட்டியலைச் சேர்க்கச் சொல்லுங்கள், கோயில் வளாகம், சர்ச் காம்பவுண்டு, பள்ளிவாசல் முற்றம் எங்கெல்லாம் பெரிய மரம் நிற்கிறதோ அங்கெல்லாம் நல்ல விதை இருக்கிறது. ஒரு வகையின் விதையையும் ஒரே மரத்தடியில் பொறுக்காமல் பத்து மரத்தடியில் பொறுக்குங்கள், ரப்பரில் பார்த்தது போதும்.

அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். கொள்முதல் உத்தரவில் எந்த வகையும் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது, நட்ட கன்றின் பெயரோடு மூன்றாம் வருஷம் உயிரோடு இருப்பதையும் எண்ணிச் சபையில் வாசிக்க வேண்டும், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இருபது பிரதி வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். பேரூராட்சிக்காரர்கள் சபை என்ற இடத்தில் வார்டு கூட்டம் என்று திருத்திக்கொள்ளுங்கள். நாவல் பழம் உதிர ஆரம்பித்ததும் விதை பொறுக்க வருகிறவர்கள் பெயரை அதே மேஜையில் இருக்கிற நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.