எறிந்தது யார் கை?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்

பெரியோர்களே, தாய்மார்களே, ஜெர்சியோடு வந்து பின்வரிசையைப் பிடித்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

2015 செப்டம்பர் 8, ஷா ஆலம் அரங்கம். உலகக் கிண்ணக் காற்பந்துத் தகுதிச் சுற்றில் நம் மலேசிய அணிக்கு எதிராகச் சவூதி அரேபியா 2-1 என முன்னணியில் இருந்தது. ஐந்து நாள் முன்புதான் ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் நாம் 10-0 எனத் தோற்றிருந்தோம். ஆத்திரம் வராமல் இருக்குமா? ஆனால் ரசிகர் பக்கமிருந்து ஃபிளேர்கள், அதாவது எரியும் தீப்புகைக் குழல்கள், திடலுக்குள் பறந்தன, ஆட்டம் பாதியில் நின்றது, ஃபிஃபா 3-0 என்று சவூதிக்கே வெற்றியைக் கொடுத்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் அதே அரங்கில் வியட்நாம் ரசிகர்களை நம்மவர்கள் சிலர் அடித்தார்கள். அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார்.

சரி, அடித்தவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? காற்பந்து ரசிகருக்கென்று தனிப் பிரிவு நம் குற்றவியல் சட்டத்தில் இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோத நோக்கத்தோடு கூடி, அவர்களில் ஒருவன் அந்த நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினாலே அது கலவரம். 147ஆம் பிரிவின்படி ஈராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடிய ஆயுதம் இருந்தால் 148, ஐந்தாண்டு வரை போகும். பொது இடத்தில் இரண்டு பேர் கட்டிப் புரண்டால் 160, ஆறு மாதம் வரை. (இந்த 147ஆம் பிரிவு, வெள்ளைக்காரன் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தின் வாரிசு. அங்கே 2024இல் எண்ணை மாற்றிவிட்டார்கள், நாம் மாற்றவில்லை.)

அரசுத் தரப்புக்கு 147 வசதியானது. குத்தியது யார் கை என்று காட்டத் தேவையில்லை. கூட்டத்தின் நோக்கம் இவனுக்கும் இருந்தது என்று நிரூபித்தால் போதும். எனக்குப் பயமே அங்கேதான். ஒரே நிற ஜெர்சி, ஒரே பாட்டு, ஒரே படிக்கட்டு. அப்படியானால் நோக்கமும் ஒன்றுதானே என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? வெறுமனே அங்கே நின்றது குற்றமாகாது.

ஆகவே இந்த வழக்குகளின் உயிர் வீடியோவில் இருக்கிறது. கேமரா பதிவை ஒப்படைக்க 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு வழி சொல்கிறது. கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்ட சான்றிதழைக் கொடுத்து நிரூபிக்கலாம். சான்றிதழ் வந்தாலும், படத்தில் தொப்பியும் முகக்கவசமுமாக நிற்பவன்தான் கூண்டில் நிற்பவனா என்ற கேள்வி தீராது. டிக்டாக் துண்டில் விழுந்த அடி தெரியும், முதலில் கை ஓங்கியது யார் என்பது தெரியாது. தற்காப்பு உரிமையும் அதே குற்றவியல் சட்டத்தில்தான் இருக்கிறது. வக்கீல் தம்பிகளே, முழுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, குற்றவாளி எப்போதும் ரசிகர் பக்கம்தான் இருப்பார் என்பதில்லை. 2022 அக்டோபரில் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. நெரிசலில் 135 பேர் இறந்தார்கள். ஆட்ட ஏற்பாட்டாளரும் போலீஸ் அதிகாரிகளும் வழக்கைச் சந்தித்தார்கள். கீழ் நீதிமன்றம் விடுவித்த இரு அதிகாரிகளை 2023இல் உச்ச நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது.

இங்கிலாந்தில் தடை ஆணை என்று ஒன்று உண்டு. கிடைத்தவர் குறைந்தது மூன்றாண்டு ஆட்டத்துக்குப் போக முடியாது. தேசிய அணி வெளிநாட்டில் ஆடும்போது பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டிவரும். வெறிபிடித்த ரசிகனுக்குச் சிறையைவிட இதுதான் உறைக்கும். இங்கே வந்தால் நான் ஆதரிப்பேன், ஒரு நிபந்தனையோடு. அங்கே 2000இல் கொண்டுவந்த திருத்தம், தண்டனையே பெறாதவர் மீதும் போலீஸ் மனு போட்டு ஆணை வாங்க வழிவிட்டது. அது நமக்கு வேண்டாம். போலீஸ் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக ஒருவரை புக்கிட் ஜாலில் தேசிய அரங்கின் வாசலில் திருப்பி அனுப்பக் கூடாது. இதில் எனக்கு எதிர்க்கருத்து உள்ளவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். மைக் அந்தப் பக்கம் வருகிறது, பேசுங்கள்.